வரிசை எண் பதினேழு

பொள்ளாச்சி,
10.7.1993

அன்புத் தோழி நித்யஸ்ரீக்கு,

நான் நலம். எல்லாக் கடிதங்களிலும் எழுதுகிற வரிதான். இந்த வாரம் இதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

விடுதியில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்து பள்ளியை மூடி இன்றோடு நான்கு நாள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலங்காட்டூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய். என்னுடைய நட்சத்திரப் புத்தகமும் உன் பெட்டியோடு போய்விட்டது. அட்டையை மடக்காமல் படி.

அப்பாவை வீட்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. உங்கள் ஊருக்கு இரண்டு மைல் முன்னால், ரோட்டோரம் இருக்கிறதே ஆரம்ப சுகாதார நிலையம், அங்கேதான் பொழுதெல்லாம் இருக்கிறார். சுகாதார ஆய்வாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆய்வு செய்பவர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கிணறு கிணறாகப் பிளீச்சிங் பவுடர் கலக்கி அவருடைய உள்ளங்கை வெடித்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. நேற்று ஒரு கட்டுத் தாளை என் முன்னால் வைத்து, "அம்மணி, உன்ற எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குது. இதை ஒருக்காப் படியெடுத்துக் குடு கண்ணு" என்றார்.

ஆக, நான் இப்போது அரசாங்கத்துக்கு வேலை செய்கிறேன்! தினசரி அறிக்கை. கார்பன் வைத்து மூன்று படிகள். வரிசை எண், பெயர், வயது, ஊர், கடைசியில் இரண்டு பத்திகள்: 'சந்தேகம்', 'உறுதி'. ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் சந்தேகம். (முகம் சுளிக்காதே, இது விஞ்ஞானம்.) பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பி, அங்கே கிருமி தெரிந்தால் உறுதி. அதுவரை 'காலரா' என்ற சொல்லை எங்கேயும் எழுதக் கூடாது.

போன வாரம் அனுப்பிய ஒன்பது குழாய்களில் இரண்டு மட்டும் உறுதி. ஐந்துக்கு 'இல்லை' என்று வந்தது. இரண்டு உடைந்தே போயின.

"அப்ப அந்த அஞ்சு பேருக்கும் காலரா இல்லீங்களா அப்பா?" என்று கேட்டேன்.

"யாரு கண்டா? பார்சல் பஸ் என்ஜின் மேல வெந்துட்டே போயிருக்குது. ரெண்டு பேரு மொதல்லயே மாத்திரை முழுங்கிட்டாங்க. கிருமி செத்துப்போயிருந்தா அங்க என்னத்தத் தெரியும்?"

"அப்ப சரியான கணக்கு எதுங்க? ரெண்டா, ஏழா, ஒம்பதா?"

"ஒரு வாய் சோறு திங்க உடு அம்மணி" என்றார். அம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விடை தெரியாத கணக்கே கிடையாது. இதைப் பார்.

உன்னை வேலங்காட்டூர் நிருபராக நியமிக்கிறேன். அங்கே நடப்பதையெல்லாம் எழுது. பஸ் கண்டக்டர் வெங்கடபதி மாமாவிடம் கொடுத்தால் அன்றைக்கே என் கைக்கு வந்துவிடும்.

உன் கண்ணக்காவுக்குக் கல்யாணப் புடவை எடுத்தாயிற்றா? உங்கள் தோட்டத்து வண்டித்தடத்தில் எனக்கு சைக்கிள் பழக்கியபோது, கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தவர் எந்த இடத்தில் கையை விட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டு எழுது.

பதிலை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
லோகப்பிரியா

*

வேலங்காட்டூர்,
14.7.93

அரசாங்க உத்தியோகஸ்தர் லோகப்பிரியா அம்மையார் அவர்களுக்கு,

நிருபர் நித்யஸ்ரீ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பளம் எவ்வளவு என்று முதலில் சொல்லவும்.

உன் புத்தகத்தின் அட்டை ஏற்கெனவே மடங்கிவிட்டது. நான் இல்லை, கன்றுக்குட்டி.

இங்கே யாரைக் கேட்டாலும் வயிற்றுப்போக்கு இல்லை. "சூடுங்க" என்கிறார்கள். ஊரே சூட்டில் படுத்திருக்கிறது. ஆனால் கிராமச் செவிலியர் சாந்தாமணி அக்காவை ஏமாற்ற முடியாது. அவர் நோயைப் பற்றிக் கேட்பதே இல்லை. கொடியைப் பார்க்கிறார். "ஏனுங்க, காலங்காத்தால இத்தனை சேலை காயுது?" என்கிறார். அந்த வீட்டு அம்மா முழிக்க, இவர் உள்ளே போய்ப் படுத்திருப்பவர் நாடியைப் பிடித்துவிடுகிறார். இப்போது பாதி ஊர் துணிகளை வீட்டுக்குள் காயப்போடுகிறது.

பெரியப்பா மகள் சென்னியை நேற்று பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நாலு பாட்டில் ஏற்றினார்களாம். இப்போது எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிறாளாம். அதனால் பயமில்லை.

கண்ணக்காவை ஊருக்குள் வைத்திருக்க வேண்டாம் என்று அப்பா தோட்டத்துச் சாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் துணைக்கு அங்கேதான் இருக்கிறேன். கல்யாணம் ஆவணியில். மாப்பிள்ளை வீடு பவானி என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெயரை வைத்தே அப்பா எங்கள் எல்லார் வாயையும் அடைக்கிறார். "பவானிக்காரங்க காதுல விழுந்துச்சுன்னா முகூர்த்தம் நின்னுபோயிரும். இந்த ஊர்ல பொண்ணெடுக்கவே ரோசனை பண்ணுவாங்க" என்கிறார். அதனால் நிருபரின் செய்திகள் உன்னோடு இருக்கட்டும்.

சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். அக்கா சொன்னாள்: "புளியமரத்துக்கிட்டயே உட்டுட்டேன். அதுக்கப்புறம் சும்மா கூட ஓடியாந்தேன்." போதுமா?

சிரித்த முகத்துடன்,
நித்யஸ்ரீ

*

பொள்ளாச்சி,
19.7.93, மாலை ஏழு மணி

அன்புள்ள நித்யா,

ஒரு முக்கியமான சந்தேகம். (இந்தச் சொல்லை இப்போதெல்லாம் எழுதினாலே பத்தி போடத் தோன்றுகிறது.)

பட்டியல் முப்பத்தொன்று ஆகிவிட்டது. ஆனால் அது முப்பத்தொரு பேரா என்பதுதான் கேள்வி. செவிலியர் ஒரு தாளில் எழுதுகிறார், மருத்துவ முகாமில் ஒரு தாள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள். ஒரே ஆள் மூன்றிலும் வந்துவிடுகிறார். நேற்று ஒரு தாத்தாவை மூன்று முறை எண்ணியிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அப்பா மேலதிகாரியிடம் என் பெயரைச் சொன்னாராம்! இன்று இன்னொன்று கிடைத்திருக்கிறது, அதுவும் உங்கள் ஊரில்.

ஒன்பதாம் எண்: சென்னியம்மாள், வயது 21, வேலங்காட்டூர். இது ஆஸ்பத்திரித் தாள்.
பதினேழாம் எண்: சென்னியம்மாள், வயது 20, வேலங்காட்டூர் தோட்டம். இது சாந்தாமணி அக்கா எழுதியது.

இரண்டும் உன் பெரியப்பா மகள்தானே? வயதை வீட்டில் ஒரு மாதிரியும் ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரியும் சொல்லியிருப்பார்கள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. பதினேழை அளவுகோல் வைத்து அடித்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு எண் மேலே ஏறிவிட்டார்கள். மொத்தம் முப்பது.

நாளைக் காலையில் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வீடு வீடாக உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுப்பார்கள், கிணற்றுக்கு மருந்து போடுவார்கள், முடியாதவர்களை ஜீப்பில் ஏற்றிப் போவார்கள். அதனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். காலை பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாலை பஸ்ஸிலேயே பதில் அனுப்பு. தவறாக இருந்தால் நாளைய படியில் திரும்பவும் சேர்த்துவிடலாம். ஒரு வரி போதும்: சென்னியம்மாள் ஒருவரா, இருவரா?

கண்ணக்காவை நன்றாகக் காய்ச்சிய தண்ணீரை மட்டும் குடிக்கச் சொல்.

உன்
லோகு

*

வேலங்காட்டூர்,
20.7.93

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ செய்தது சரிதான். எங்கள் குடும்பத்தில் சென்னியம்மாள் ஒருவர்தான். பெரியப்பா மகள். ஆஸ்பத்திரியில் குணமடைந்து வருகிறார். செவிலியர் வயதைத் தவறாக எழுதியிருப்பார்.

இங்கு அனைவரும் நலம். உன் அப்பாவுக்கு என் அப்பா வணக்கம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
நித்யஸ்ரீ

*

பொள்ளாச்சி,
27.7.93

நித்யா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சார், நா எழுதிக் குடுத்த தோட்டத்துப் பொண்ணு எங்கீங்க? பட்டியல்ல காணமே. ஜீப் அந்தப் பக்கமே போவலியாமா. புள்ள வெள்ளிக்கிழமை காத்தால போயிருச்சுங்க சார்" என்று வாசலிலேயே அழுதார். அப்பா கார்பன் படிகளைப் புரட்டினார். நான் அடுப்படிக் கதவோரம் நின்றேன்.

"அது ஆஸ்பத்திரில இருக்கற பொண்ணுதான்னு அடிச்சிருக்குதே" என்றார் அப்பா.

"அது அண்ணன் மவங்க. இது தம்பி மவ. ரெண்டு பேருக்கும் அப்பத்தா பேருதான் வெச்சிருக்குது. ஊட்டுல கூப்புடறதுதான் கண்ணுன்னு."

நித்யா, எனக்குக் கண்ணக்காவின் பெயர் தெரியாது. மூன்று வருடமாகக் கண்ணக்கா, கண்ணக்கா என்று சுற்றி வந்தேன். அவர் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு சென்னிமலை உண்டு. பெரிய சித்தப்பா மகன் ஒருவன், சின்னச் சித்தப்பா மகன் ஒருவன், இருவருக்கும் தாத்தா பெயர். பந்தியில் "சென்னிமலை" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பும், நாங்கள் சிரிப்போம். நம் பக்கத்தில் எந்த வீட்டில் இல்லை இது? எனக்குத் தெரிந்த விஷயம், நித்யா. அன்றைக்கு அளவுகோல் கையில் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை. இன்னொன்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெடித்த கையால் அவரே எழுதுகிறார். அதைப் பார்க்க முடியவில்லை.

நீ 'ஒருவர்தான்' என்று எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். முதலில் அடித்தது நான்.

லோகப்பிரியா

*

வேலங்காட்டூர்,
27.7.93

லோகு,

அக்கா போய்விட்டாள். இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். என் கடிதத்தை நீ இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாயோ என்று நினைக்கும்போதுதான் தூக்கம் வருவதில்லை. அது பொய். அக்காவின் பெயரும் சென்னியம்மாள்தான்.

உன் கடிதம் வந்தபோது அவளுக்கு இரண்டாவது நாள். கட்டிலில் சாய்ந்தபடியே வாங்கிப் பார்த்து, "லோகு எழுத்தா? என்னமா எழுதுது அந்தப் புள்ள" என்றாள். முழுவதும் படித்தாள். நான் இரண்டு பேர் என்று எழுத உட்கார்ந்தேன். அப்பா வாசற்படியில் நின்றார். அங்கிருந்து நகரவில்லை. அக்காதான் சொன்னாள்: "ஒருத்தின்னே எழுதிப்போடு நித்யா. நா ரெண்டு நாள்ல தேறிக்குவேன். ஜீப்பு வந்து சாளை முன்னால நின்னா ஊருக்கே தெரிஞ்சுபோயிரும்." பிறகு அப்பா வாசகம் சொன்னார், நான் எழுதினேன். முடித்ததும் அவர் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மடித்தார். அதனால்தான் அந்தக் கடிதத்தில் நான் இல்லை. நீ கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன். நீதான் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பாயே.

புதன், வியாழன் இளநீரும் மோரும் கொடுத்தோம். கிணற்றுத் தண்ணீரும்தான். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. கை விரல்கள் நெடுநேரம் துணி துவைத்தவள் விரல்களைப் போலச் சுருங்கியிருந்தன. பெரியப்பா காரில் கோயமுத்தூர் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அக்கா தலை என் மடியில்.

சுகாதார நிலையத்தைத் தாண்டித்தான் போனோம், லோகு. உன் அப்பா வாசலில் பக்கெட்டில் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காரை அடையாளம் தெரிந்து கையைத் தூக்கினார். அப்பாவும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். கார் நிற்கவில்லை. உள்ளே பாட்டில் தொங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அங்கே நிறுத்தினால் எழுதிவிடுவார்கள் அல்லவா.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்தபோது காரைத் திருப்பிவிட்டார்கள்.

மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறது. பவானியிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை ஓரமாக நின்று அழுதார். அவர்கள் கொண்டுவந்த ஜமக்காளத்தில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா அவர்களிடம், "இருவது வயசுப் புள்ளைக்கு இப்பிடி வருமுன்னு யாருங்க கண்டா" என்றார். அப்போது என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

பதில் எழுதாதே. உன் எழுத்தைப் பார்த்தால் அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தது ஞாபகம் வருகிறது.

நித்யஸ்ரீ

*

பொள்ளாச்சி,
2.8.93

நித்யா,

எழுதாதே என்றாய். நம் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கிளம்பி, ஒரே பஸ் கண்டக்டரின் பையில் போயும் வந்தும் இருக்கின்றன. இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

வேலங்காட்டூரின் கடைசி அறிக்கையை அப்பா மேசையில் பார்த்தேன். உறுதி 3. சந்தேகம் 15. இறப்பு 0. இறப்பு இல்லாததால் வரும் சனிக்கிழமையோடு முகாமை எடுக்கிறார்கள்.

அந்தப் பதினைந்தில் ஒருவர் கண்ணக்கா. சாந்தாமணி அக்கா எழுதிய தாளை வைத்து அப்பா அவர் பெயரைத் திரும்பவும் சேர்த்துவிட்டார். ஆனால் சாளைக்குப் போனபோது உன் அப்பா கேட்டைத் திறக்கவில்லையாம். "எங்கூட்டுல யாருக்கும் ஒன்னுமில்லீங்க சார், போய்ட்டு வாங்க" என்று கும்பிட்டாராம். கிணற்றில் மருந்து போடவும் விடவில்லை. கிராமக் கணக்கில் மாரடைப்பு என்று இருக்கிறது. அதை மாற்ற வீட்டார் ஒருவராவது எழுதித் தர வேண்டும். யாராவது தந்தால் மேலதிகாரியே வருவார், அப்போது எந்தக் கேட்டும் திறந்தாக வேண்டும் என்கிறார் அப்பா.

நீ எழுதித் தந்தாலும் 'உறுதி' என்று ஒருநாளும் வராது. குழாயில் எதுவும் எடுக்கவில்லை, இனி எடுக்கவும் முடியாது. உனக்கும் எனக்கும் சாந்தாமணி அக்காவுக்கும் எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் கண்ணக்கா எப்போதும் 'சந்தேகம்' என்ற பத்தியில்தான் இருப்பார். சரியான கணக்கு எது என்று அப்பாவைச் சாப்பிட விடாமல் கேட்டேனே, அந்தக் கேள்வியை இப்போது யாரிடமும் கேட்பதில்லை. அந்தப் பூஜ்யம் மட்டும் தவறு என்று தெரியும்.

உன் வீட்டில் இதற்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் எழுது என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

புத்தகம் உன்னிடமே இருக்கட்டும்.

லோகப்பிரியா

*

(அஞ்சலட்டை)

அனுப்புநர்:
நித்யஸ்ரீ, ஒன்பதாம் வகுப்பு,
வேலங்காட்டூர்.

பெறுநர்:
உயர்திரு பாலகோபால் அவர்கள்,
சுகாதார ஆய்வாளர்,
ஆரம்ப சுகாதார நிலையம்.

நாள்: 4.8.93

ஐயா,

என் அக்கா சென்னியம்மாள், வயது 20, வேலங்காட்டூர் தோட்டம். ஜூலை 19 முதல் கடும் வயிற்றுப்போக்கு. 23ஆம் தேதி காலை சுமார் ஏழரை மணிக்கு ரயில்வே கேட் அருகில் காரில் இறந்தார். மாரடைப்பு இல்லை. நான் உடன் இருந்தேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்று நீரை எட்டுக் குடும்பங்கள் குடிக்கின்றன. நேற்று முதல் தோட்டத்தில் வேலை செய்யும் ஆள்காரர் வீட்டில் இருவருக்கு அதே தொந்தரவு. பெயர்களைச் சாந்தாமணி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

மூடிய கவரில் அனுப்பினால் யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே நின்றுவிடும் என்பதால் கார்டில் எழுதித் தபால்காரரிடம் நேரில் கொடுக்கிறேன். அவர் படித்துவிடுவார். மாலைக்குள் ஊரும் படித்துவிடும். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

அக்காவை இறந்தோர் கணக்கில் சேர்க்கவும். சந்தேகம் என்ற பத்தி போதும்.

அந்த வரியை மட்டும் லோகப்பிரியா எழுதட்டும். அவள் எழுத்து அக்காவுக்குப் பிடிக்கும்.

இங்ஙனம்,
நித்யஸ்ரீ